வாசலில் இல்லாத செருப்பு

14.8.2001, செவ்வாய். ஆம்பூர்.

மூணாவது கீமோ முடிஞ்சு ஒன்பது நாளாச்சு. பகல் முழுக்க அசதி, ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல. தினம் அரை மணி நேரம் நடந்தா ரெண்டும் சரியாகும்னு வேலூர்ல டாக்டரம்மா சொல்லியிருக்காங்க.

சாயங்காலம் நடக்கக் கிளம்பினா வாசல்ல என் செருப்பைக் காணோம். வீட்டுக்காரர்தான் ஒளிச்சு வெச்சிருக்கார். ஷூ கம்பெனியில சூப்பர்வைசர், ஊருக்கெல்லாம் ஷூ தைச்சு அனுப்புற ஆளு.

"மார்ல கேன்சரை வெச்சுக்கினு தெருவுல சுத்தினா இன்னா பேசுவாங்க? போய்ப் படு."

வெறுங்கால்லயே படி இறங்கினேன். எப்பவும் போல முடியைப் பிடிச்சு இழுக்கப் பின்னாடியே வந்தார். தலையில கட்டியிருந்த ஸ்கார்ஃப் மட்டும்தான் அவர் கையோட போச்சு. என் மொட்டைத் தலையைப் பார்த்து அப்படியே நின்னுட்டார்.

நான் நிக்கல. அவர் கழட்டிப் போட்டிருந்த ஷூவை எடுத்து மூஞ்சியிலயே அடிச்சேன். மறுபடியும் அடிச்சேன். உதடு கிழிஞ்சு சட்டையெல்லாம் ரத்தம். பதினெட்டு வருஷத்துல நான் அடிச்சது இன்னிக்குத்தான்.

அதே ஷூவை மாட்டிக்கினு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்துட்டு வந்தேன். தலையை மூடல.

நாளைக்கு இன்னா செய்வாரோ தெரியல. இப்ப கூடத்துல புரண்டு புரண்டு படுக்கிற சத்தம் கேக்குது. ஷூ என் தலைமாட்டுல இருக்கு. எனக்குக் கண்ணு சொக்குது.