முழங்காலுக்குப் பின்னால் ஒரு கட்டி

பிஷ்கெக்
ஆகஸ்டு 14, 1994

அன்புள்ள துர்தகுன் அண்ணாவுக்கு,

தம்பி எசெனின் சலாம். அண்ணியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

நாலு எட்டு வைத்தால் கெண்டைக்கால் இறுகிப்போகிறதே, அதற்குக் காரணம் தெரிந்துவிட்டது. முழங்காலுக்குப் பின்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாயின் சுவருக்குள் ஒரு நீர்க்கட்டியாம். உள்ளே கூழ் மாதிரி சேர்ந்து குழாயை நெரிக்கிறது. டாக்டர் லித்யா காலை மடக்கச் சொல்லிப் பாதத்தில் விரல் வைத்தார். நாடி நின்றுபோனது. "சிகரெட் கிடையாது, வயசும் இருபத்தாறுதான். உனக்கு எப்படிப்பா இது வந்துச்சு?" என்று என்னையே கேட்கிறார்!

அந்தத் துண்டைக் கட்டியோடு வெட்டி எடுத்துவிட்டு, மற்றக் காலிலிருந்து ஒரு சிரையை எடுத்து வைத்துத் தைக்க வேண்டுமாம். பிறகு மூன்று மாதம் குதிரை ஏறக் கூடாது. அப்பா இறந்து வருஷம் நிறைவதற்கு வைக்கும் விருந்தைக் கொஞ்சம் தள்ளிவைக்க முடியுமா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

உங்கள் தம்பி,
எசென்

அத்பாஷி
ஆகஸ்டு 21

என் அருமைத் தம்பிக்கு,

நீ எழுதியதைப் படித்து உன் அண்ணி அழுதாள். நான் அழவில்லை, எனக்குக் கோபம்தான் வந்தது. பள்ளத்தாக்கு முழுவதும் ஆள் அனுப்பி அழைத்தாயிற்று. செப்டம்பர் பத்தை இனி எப்படி மாற்றுவது? விருந்தன்று நடக்கும் கோக்-போரு குதிரையாட்டத்தில் ஆட்டுடலைத் தொடைக்கடியில் இடுக்கிக்கொண்டு பாய, நம் பக்கம் உன்னை விட்டால் யார்? தகப்பன் விருந்தில் கடைசி மகன் குதிரையில் இல்லை என்றால் நான் எந்த முகத்தோடு உட்காருவேன்?

நேற்றே எதிரணி மம்பெத் கடைத்தெருவில் நின்று, "என்னப்பா, உங்க வீட்டுக் கடைக்குட்டி ஆட்டத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரியில ஒளிஞ்சிருக்கானாமே?" என்று சிரித்தான். கூழ்தானே? ஊசி போட்டு உறிஞ்ச முடியாதா என்று கேள். சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை நீ.

உன் அண்ணன்,
துர்தகுன்

பிஷ்கெக்
ஆகஸ்டு 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஊசியாலேயே எடுத்தாயிற்று. டாக்டர் லித்யா கத்தித் தீர்த்துவிட்டார். "கூழ் முழுசா வராதுப்பா. கட்டி உள்ளயேதான் இருக்கு, திரும்ப ஊறும். உனக்குக் கால் வேணுமா, ஆட்டம் வேணுமா?"

"எங்க அப்பாவோட விருந்து, டாக்டர்" என்றேன். இப்போது வலி இல்லாமல் நடக்கிறேன். ஆனாலும் பயமாக இருக்கிறது, அண்ணா. புதன்கிழமை வண்டியில் வருகிறேன்.

எசென்

அத்பாஷி
செப்டம்பர் 16

என் ராஜாவுக்கு,

லாரிக்காரன் உன்னைப் பத்திரமாக ஆஸ்பத்திரியில் சேர்த்தேன் என்றான். இன்றும் ஊரில் உன் பேச்சுத்தான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு நீ வந்ததைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள். மம்பெத் கடைத்தெருப் பக்கமே வருவதில்லை!

அன்று குதிரையிலிருந்து இறங்கியதும் கால் ஜில்லிட்டுவிட்டது என்றாய். நான்தான் மறுநாள் வரை பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். விருந்தாளிகள் இருக்கும்போது வீட்டுப் பிள்ளையை லாரியில் தூக்கிப் போட்டால் பார்க்க நன்றாகவா இருக்கும்? மரத்துப்போன கால்தானே, தேய்த்துவிட்டால் சரியாகும். குதிரை இறைச்சி அனுப்பியிருக்கிறேன். நன்றாகச் சாப்பிடு. ஏன் கடிதமே இல்லை?

அண்ணன்,
துர்தகுன்

பிஷ்கெக்
அக்டோபர் 2

துர்தகுன் அவர்களுக்கு,

கட்டி மறுபடியும் ஊறி, குழாய் அடைத்து, ரத்தம் உறைந்துவிட்டது. அன்று மாலையே கிளம்பியிருந்தால் சிரை வைத்துத் தைத்திருப்பேன் என்று டாக்டர் லித்யா சொன்னார். நான் வந்து சேர்ந்தபோது பாதம் கறுத்திருந்தது. முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

நம் வழக்கப்படி வெட்டிய காலைச் சும்மா போடக் கூடாது, புதைக்க வேண்டும். ஆஸ்பத்திரி ஆள் வந்து, "வீட்டுல இருந்து யாராச்சும் வந்து வாங்கிக்கணுமே, யார் இருக்கா?" என்று கேட்டான். அப்பாவின் பக்கத்தில் புதைக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் அதற்கு உங்களைக் கூப்பிட வேண்டும்.

பக்கத்துக் கட்டில்காரரின் மகன் துணியில் சுற்றி எடுத்துப்போய், இந்த ஊர் இடுகாட்டில் புதைத்துவிட்டு வந்தான். எனக்கு அண்ணன் யாரும் இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

எசென்