சனிக்கிழமைக்கு ஒரு குறை

மே 4, சனி

காய்ந்த ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றேன். ரொட்டிக்கடை குன்றுக்குக் கீழே, நான் மேலே. இந்த வால்பரைசோ ஊரில் படிக்கட்டு இல்லாமல் எங்கும் போக முடியாது. இடுப்பு உடைந்தபின் நான் கீழே இறங்கியதே இல்லை.

மாலையில் தொழிற்பள்ளிப் பிள்ளைகள் இருவர் வந்தார்கள், மில்லராயும் எலியாஸும். பள்ளிப் போட்டிக்காக, பிடித்து நடக்க ஒரு வாக்கர் செய்து, நான் சோதித்துப் பார்க்கக் கொண்டுவந்திருந்தார்கள். கைப்பிடியிலுள்ள சைக்கிள் பிரேக்கை அழுத்தினால் முன்கால்கள் அடுத்த படிவரை இறங்கும், விட்டால் பூட்டிக்கொள்ளும். வாசற்படிகளில் இறங்கினேன், ஏறினேன். அழுகை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

"ஏதாவது குறை இருக்கா அத்தை?" என்றாள் மில்லராய். "இல்லேன்னா எங்க வேலை இன்னியோட முடிஞ்சுது. இனி வந்து தொந்தரவு பண்ண மாட்டோம்."

இனி வரவே மாட்டார்களா? "கைப்பிடி கொஞ்சம் உயரம்" என்றேன். உயரமெல்லாம் இல்லை.

சரிசெய்ய எடுத்துப் போய்விட்டார்கள்.

மே 11, சனி

கைப்பிடியைத் தாழ்த்திக் கொண்டுவந்தார்கள். வரும்போதே ரொட்டியும். வெண்ணெய்ப்பழத்தை மசித்துத் தடவிக் கொடுத்தேன். எலியாஸ் ஓயாமல் தின்றான்.

"இவன் குறை பாக்கவா வரான்? ரொட்டியப் பாக்க வரான்" என்றாள் மில்லராய்.

இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! கிளம்பும்போது மறுபடி குறை கேட்டாள். கால் ரப்பர் சத்தம் போடுகிறது என்றேன். மறுபடி எடுத்துப் போனார்கள்.

மே 12, ஞாயிறு

வடக்கே தொலைவில், அந்தோஃபகஸ்தா நகரத்திலிருந்து மகன் பேசினான். சாப்பிட்டியாம்மா? சாப்பிட்டேன். அவ்வளவுதான். மழை.

மே 18, சனி

ரப்பரை மாற்றிக் கொண்டுவந்தார்கள். பிரேக் இறுக்கமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது — வேறு என்ன குறை மிச்சம்?

மில்லராயின் முகம் சுண்டிப்போனது. "இதாவது சரியா வந்திருக்குன்னு நினைச்சோம் அத்தை."

மே 25, சனி

மில்லராய் மட்டும் வந்தாள். வாக்கர் இல்லை. உட்காரவும் இல்லை.

நான் சொன்னபடி பிரேக்கைத் தளர்த்தியிருக்கிறார்கள். என்னிடம் தருமுன் எலியாஸ் அதைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் பார்த்தானாம். முன்கால்கள் நழுவி, விழுந்து, மணிக்கட்டு முறிந்துவிட்டது.

"போட்டிலேருந்து விலகப் போறோம் அத்தை. ஒண்ணைச் சரி பண்ணா இன்னொண்ணு கெடுது. எங்களுக்கு இது வராது."

மேசையில் மூன்று கோப்பைகள் எடுத்து வைத்திருந்தேன். என்னையே திட்டிக்கொண்டேன்: என்ன பொம்பள நீ? அந்தப் புள்ள கைய ஒடச்சுட்டு, டீ போட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருக்க —

மே 26, ஞாயிறு

மில்லராய்க்கு நானே போன் செய்தேன்.

"மொத நாளே அது சரியாத்தான் இருந்துச்சும்மா. கைப்பிடி, ரப்பர், பிரேக், எல்லாமே. நீங்க வராமப் போயிடுவீங்களேன்னு பொய் சொன்னேன்."

"எங்க மேல எங்களுக்கே நம்பிக்கை போச்சு அத்தை, தெரியுமா?" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

நியாயம்தான்.

ஜூன் 1, சனி

வரவில்லை.

ஜூன் 5, புதன்

கதவைத் திறந்தால் வாசலில் வாக்கர். முதல் நாள் இருந்த மாதிரியே. யாரும் கதவைத் தட்டவில்லை.

வாசற்படிகளில் இறங்கிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. இனி அவர்கள் இங்கே வர ஒரு காரணமும் இல்லை. தாங்க முடியவில்லை.

ஜூன் 8, சனி

இறங்கினேன். படிக்குப் படி நின்று, மூச்சு வாங்கி. தெரு நாய்கள் துணைக்கு வந்தன. கடையில் சூடான ரொட்டியும் வெண்ணெய்ப்பழமும் வாங்கிப் பையை வாக்கரில் மாட்டிக்கொண்டு பள்ளிப் பட்டறைக்குப் போனேன்.

கட்டுப்போட்ட கையோடு எலியாஸ்தான் முதலில் பார்த்தான். மில்லராய் குனிந்து குழாய் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"போட்டிக்கு இன்னொண்ணு செய்யறோம்" என்றான். பிறகு வாக்கரைப் பார்த்துச் சிரித்தான். "இதுல என்ன குறை அத்தை?"

"ஒண்ணுமில்லடா. ரொட்டி ஆறிடும், சாப்பிடுங்க."

மில்லராய் நிமிரவில்லை. காலாலேயே ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளினாள்.