மூன்றாவது கேள்விக்குத் தமிழில் ஒரு பதில்

உன் பள்ளிக்கூட நோட்டைத் திறந்ததும் நான்கு தடவை தும்மினேன். இத்தனை வருஷம் கழித்தும் உங்கள் வீட்டு மிளகாய் வத்தல் நெடி அதை விட்டுப் போகவில்லை. உன் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்திருந்தபோது உன் அம்மா அதை என் கையில் கொடுத்தார்கள். "சரக்குக் கிட்டங்கி மச்சுல வத்தல் சாக்குக்கு அடியில கெடந்துச்சும்மா. இங்கிலீஷா இருக்கு, எங்களுக்கு என்ன தெரியும்? நீயே வச்சுக்க" என்றார்கள். பையில் போட்டுக்கொண்டு வந்தவள் மூன்று வாரம் அதைத் தொடவே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் தைரியம் வந்தது.

எடுத்த எடுப்பில் சிரிப்புதான் வந்தது. உன் கையெழுத்து அப்படி. கோழி கிளறியது மாதிரி இருக்கிறது என்று நம் இங்கிலீஷ் மிஸ் சொன்னதற்கு, "கோழிக்கு எங்கன மிஸ் மார்க்கு கொறையப் போவுது" என்று கேட்டு வெளியே நின்றாயே, அதே கையெழுத்து. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கதை, அதற்கு மூன்று கேள்வி, மூன்று கட்டம். விழுந்தது யார்? தூக்கியது யார்? நீ எங்கே நிற்கிறாய்?

இதை இன்றைக்கு யாரிடமாவது சொன்னால் விளங்க வைக்கவே அரைமணி நேரம் ஆகிறது. நாம் படித்தது கிறிஸ்தவ சபை நடத்திய பள்ளிக்கூடம். பதினொன்றாம் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடு இங்கிலீஷ் கதை வகுப்பு. கதையைக் கிறிஸ்தவப் பார்வையில் படிக்க வேண்டும் என்பது பள்ளியின் ஏற்பாடு. வகுப்பில் இருந்த நாற்பத்தாறு பேரில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள் ஐந்து பேர்தான். மற்றவர்கள் என்னைப் போல பட்டாசு செய்கிற வெடி ஆபீசுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். நீ வத்தல் மண்டிக்காரர் மகள். உன் தாவணி காற்றில் ஆடினால் முன் பெஞ்சு முழுக்கத் தும்மும். "எங்க வீட்டுல எல்லாரும் தும்மிக்கிட்டேதான் பொறந்தோம்" என்று அதையும் ஒரு பெருமையாகச் சொல்வாய்.

கிறிஸ்தவப் பார்வை என்றால் எனக்கு ஒன்றே ஒன்றுதான் புரிந்தது. தூக்கியது யார் என்ற கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு இயேசு என்று எழுதிவிட வேண்டும். மிஷன் பள்ளியில் படிக்கிற எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் கைக்கொண்ட வழி அது. மிஸ்ஸுக்கு மனசு குளிரும், மார்க் விழும். வெள்ளத்தில் போன குழந்தையை ஒரு நாய் சட்டையைக் கவ்வி இழுத்துக் கரை சேர்த்த கதைக்கும் அதையே எழுதினேன். நீ என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு பெஞ்சில் தலையை வைத்துக் குலுங்கினாய். "ஏட்டி செல்வி, அந்த நாயி கரையில நின்னு ஒன்னத் தேடிக்கிட்டு இருக்கும்ல" என்றாய். மிஸ் பெரிய முட்டை போட்டார்கள். ஆனால் திட்டவில்லை. "கதையில அவர் பேரைத் தேடாதீங்கம்மா. அவர் வந்தா எங்க பாப்பாரோ அங்க பாருங்க. விழுந்து கெடக்கிறவங்களத்தான் மொதல்ல பாப்பார்" என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் நமக்கு அந்த வகுப்பு பிடித்துப்போனது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே நடப்போம். கதையில் விழுந்தவன் தன் தப்பால் விழுந்தால் அவனையும் கணக்கில் சேர்க்கலாமா? தூக்க வந்தவன் பாதியில் விட்டுவிட்டுப் போனால்? நீ குர்ஆன் ஓதப் போகிற பள்ளியில் கேட்டதைச் சொல்வாய். நான் எங்கள் மாரியம்மனை இழுப்பேன். ஒருநாள் நம்மோடு நடந்துவந்த மிஸ், "நீங்க ரெண்டு பேரும் பேசுறதக் கேட்டா எனக்கே வேதத்தை மறுபடியும் எடுத்துப் படிக்கணும் போல இருக்கு" என்று சிரித்தார்கள்.

மிஸ்ஸுக்கு இன்னொரு விதி உண்டு. முதல் இரண்டு கட்டத்தையும் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். மூன்றாவதை மட்டும் தமிழில் எழுதலாம். காரணம் கேட்டதற்கு, "நீ எங்க நிக்கேன்னு சொல்ல அடுத்த பாஷை எதுக்கு? அதுல ஒளிஞ்சுக்க எடம் நெறைய இருக்கு" என்றார்கள். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி எழுதாமல் இந்த மடலை முடிக்க முடியாது. தீபாவளி சீசன். அச்சங்குளத்துப் பக்கம் அம்மா வேலை பார்த்த வெடி ஆபீசுக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோனேன். வெடிக்குள் மருந்து செலுத்துகிற அறைக்குள் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. கதவுக்கு மேலேயே எழுதியிருக்கும். நான் வேப்பமரத்தடியில் நின்று எண்ணினேன். வேறு வேலை இல்லை, சும்மாதான் எண்ணினேன். அம்மாவையும் பக்கத்து வீட்டுக் கனி அத்தையையும் சேர்த்து ஏழு பேர். அம்மா சட்டியை வாங்கிக்கொண்டு கைகழுவத் தொட்டிப் பக்கம் வந்தாள். அந்த நேரத்தில் அறை வெடித்தது. அதனால்தான் அம்மா எனக்கு மிஞ்சினாள். கனி அத்தையையும் சேர்த்து மூன்று பேர் செத்துப்போனார்கள், மற்றவர்கள் வெளியே ஓடித் தப்பினார்கள்.

மறுநாள் ஊருக்குள் அதிகாரி வந்தார். போர்மேன் அவருக்குப் பின்னால் கைகட்டி நின்றார். கனி அத்தை மருந்தை வேகமாகத் தேய்த்துவிட்டாள், அதுதான் காரணம் என்று கம்பெனியில் ஏற்கனவே சொல்லி வைத்திருந்தார்கள். "நீ நேர்ல பாத்த பிள்ளை. உள்ள எத்தனை பேர் வேலை பாத்தாங்க?" என்று அதிகாரி என்னிடம் கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாள். ஆபீசைப் பூட்டிவிட்டால் ஊருக்கே வேலை இல்லை. என் படிப்பும் அதோடு சரி. நான் "நாலு பேரு சார்" என்றேன். நான்கு பேர்தான் என்றால் தப்பு கம்பெனியிடம் இல்லை, செத்துப்போனவளிடம்தான். அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். கனி அத்தையின் புருஷன், பொண்டாட்டியால் மூன்று உயிர் போச்சு என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டே மிச்ச காலத்தை ஓட்டினார்.

திங்கள்கிழமை பஸ் ஸ்டாண்டில் வைத்து உன்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் வரும் வரைக்கும் நின்றாய்.

அந்த வாரத்துக் கதையை மறந்திருக்க மாட்டாய். கலங்கரை விளக்கின் காவலன் தூங்கிவிடுகிறான். கப்பல் பாறையில் மோதுகிறது. பழி அவனுடைய உதவியாள் மேல் விழுகிறது. எல்லாவற்றையும் கரையிலிருந்து பார்த்த மீனவன் வாய் திறக்கவில்லை. மிஸ் வேண்டுமென்று எடுத்த கதை இல்லை, பாட வரிசையில் வந்தது. நான் மூன்றாவது கட்டத்தில், பழி சுமந்தவன் பக்கம் உறுதியாக நிற்பேன் என்று அழகான இங்கிலீஷில் எழுதினேன். அகராதி பார்த்து எழுதினேன். முழு மார்க் வந்தது. வகுப்பில் வாசித்துக் காட்டவும் சொன்னார்கள், வாசித்தேன்.

நீ அன்றைக்கு "எழுதல மிஸ்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வெளியே போய் நின்றாய். இரண்டு பீரியடும் நின்றாய். மணி அடித்ததும் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "ஏன் இங்கிலீஷ்ல எழுதுன?"

செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. "உனக்கென்ன, மண்டிக்காரர் மகள் என்ன வேணும்னாலும் பேசலாம்" என்றேன். பரீட்சை முடிகிற வரை உன்னோடு பேசவில்லை. பிறகு பேசினோம், பழகினோம். உன் நிக்காஹுக்கு நான் வந்தேன், என் கல்யாணத்துக்கு நீ கைக்குழந்தையோடு வந்தாய். சிறுநீரகம் கெட்டு நீ படுக்கையில் கிடந்தபோது வாராவாரம் வந்தேன். அப்போதும் அந்தப் பேச்சை நாம் எடுக்கவில்லை. உள்ளுக்குள் எனக்கு ஒரு வன்மம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். நீ என்னை எடைபோட்டுப் பார்த்துவிட்டாய், வெளியே நின்றதுகூட நான் சரியில்லை என்று காட்டத்தான் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நோட்டைப் புரட்டும்போது நாய்க் கதைக்கு அப்புறம் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு இருந்தது. ஈரத்தில் ஒட்டியது இல்லை. ஓரம் பூராவும் சோற்றுப் பருக்கை வைத்து நீயே ஒட்டியிருக்கிறாய். கத்தி நுனியால் பிரித்தேன். கலங்கரை விளக்கு. தூக்கியது யார் என்ற இடத்தில், ஒருவரும் இல்லை என்று எழுதியிருந்தாய். மூன்றாவது கட்டத்தில் தமிழில் எழுதியிருக்கிறாய்.

"நான் மீனவன் பக்கத்தில் நிற்கிறேன். எனக்கும் ஏழு என்று தெரியும். சாட்சியை மறைக்கக் கூடாது என்று எங்களுக்கு ஓதிக்கொடுக்கிற அஜ்ரத் சொல்லுவார். சொன்னால் செல்வி அம்மாவுக்கு வேலை போய்விடும். அவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிடுவார்கள். அவள் இல்லாமல் நான் யாரோடு உட்காருவேன்?"

நீ எழுதாமல் இல்லை. எழுதிவிட்டு, மிஸ் கையில் அது போனால் நான் மாட்டிக்கொள்வேன் என்று ஒட்டிவிட்டு, எழுதவில்லை என்று பொய் சொல்லி வெளியே நின்றிருக்கிறாய். எனக்காக நின்றிருக்கிறாய். நான் உன்னை மண்டிக்காரர் மகள் என்றேன். அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். என்ன ஏது என்று வீட்டில் கேட்டார்கள், வத்தல் நெடி என்றேன்.

அழுது முடித்ததும் உன் மேல் கோபமும் வந்தது. ஒருநாளாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா? இருவரும் சேர்ந்து போய் நின்றிருக்கலாமே! போகட்டும். இப்போது நடப்பதைச் சொல்கிறேன், கேள்.

நான் இப்போது அதே மாதிரி ஒரு பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர் என்பது உனக்குத் தெரியும். அதே மூன்று கட்டத்தைத்தான் போடச் சொல்கிறேன், மூன்றாவதற்குத் தமிழ்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் இங்கே ஒரு வெடி ஆபீசில் மறுபடியும் அதேதான் நடந்தது. செத்துப்போன பொம்பளையின் கவனக்குறைவு என்கிறார்கள். என் வகுப்பு முத்துலட்சுமியின் அம்மா பேச்சியம்மா கை வெந்து பிழைத்தவள். முத்துலட்சுமி தன் மூன்றாவது கட்டத்தில் எழுதியிருந்தாள்: "எங்கம்மா வீட்டுக்குள்ள ஒம்பது பேருன்னு சொல்லுது. வெளிய கேட்டா நாலுன்னு சொல்லுது. நான் வாசப்படியில நிக்கேன்."

நோட்டுகளைப் பார்வையிட்ட தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், இது இங்கிலீஷ் வகுப்பு. அந்தப் பக்கத்தக் கிழிச்சிருங்க. கம்பெனிக்காரங்க பிள்ளைகளும் இங்கனதான் படிக்காங்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர்.

"கிறிஸ்தவப் பார்வையில படிக்கணும்னு போர்டுல எழுதிப் போட்டுருக்கோமே சார். விழுந்து கெடக்கிறவளத்தான மொதல்ல பாக்கணும்?" என்றேன்.

"அது கதைக்கு டீச்சர்."

"கதைக்கு மட்டும்னா எனக்கு நடத்தத் தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கிழிக்கவில்லை. வேலைக்கு ஆபத்து வரலாம். வந்தால் வரட்டும்.

நேற்று பேச்சியம்மா வீட்டுக்குப் போனேன். விசாரணைக்கு வரச் சொல்லித் தாள் வந்திருக்கிறது. "என்னத்தச் சொல்ல டீச்சர்? உள்ளதச் சொன்னா அந்த ஆபீசப் பூட்டிருவாக. ஊரே என்னிய ஏசும். செத்தவ திரும்பியா வரப் போறா?" என்றாள். அவளிடம் நான் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. கனி அத்தையைப் பற்றிச் சொன்னேன். ஏழு பேரைப் பற்றிச் சொன்னேன். நான் நான்கு என்று சொன்னதைச் சொன்னேன். உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை. என் அம்மா சாகும்வரை நாங்கள் அதைப் பேசிக்கொண்டதில்லை.

பேச்சியம்மா, "இம்புட்டு நாளா எப்படித்தான் இத உள்ள வச்சிருந்தீக?" என்றாள். விசாரணைத் தாளை என்னிடம் நீட்டி, "நீங்களும் வாரீகளா? தனியாப் போனா எனக்கு வாய் வராது" என்றாள். வாரேன் என்றேன்.

நாளைக் காலை அவளோடு விசாரணை நடக்கிற சூலக்கரைக்குப் போகிறேன். பள்ளிக்கு லீவு லெட்டர் கொடுத்தாயிற்று, காரணத்தையும் ஒளிக்காமல் எழுதிவிட்டேன். பையில் மூன்று நோட்டு இருக்கிறது. முத்துலட்சுமியுடையதும் உன்னுடையதும் அவர்கள் பார்க்க இல்லை, என் தைரியத்துக்கு. மூன்றாவது என்னுடைய பழைய நோட்டு. அகராதி பார்த்து எழுதிய அந்த இங்கிலீஷ் வாக்கியத்தை இன்று அடித்துவிட்டு, அதன் கீழே நான் எங்கே நின்றேன் என்று தமிழில் எழுதியிருக்கிறேன். கையெழுத்து உன்னுடையதைவிட மோசம்.

அந்தப் பழைய விபத்தை அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. கேட்காவிட்டாலும் சொல்வேன். கனி அத்தையின் பெயரை முழுதாகச் சொல்வேன், அவள் மேல் தப்பு இல்லை என்று சொல்வேன், எண்ணிக்கையைச் சொல்வேன். அதற்குப் பிறகு பேச்சியம்மா தன் எண்ணிக்கையைச் சொல்லட்டும்.

நீ கையைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அந்தப் பிடிதான் என்னிடம் இருக்கிறது. நாளைக்கு அதை அவளுக்குக் கொடுப்பேன். ஏழு பேர், என் கண்மணி. உள்ளே ஏழு பேர் இருந்தார்கள்.

உன் பெஞ்சுக்காரி,
செல்வி