நான் விடச் சொன்ன பேர்

முருகன் துணை

அக்கரப்பத்தனை

அன்பு மகள் பிரியந்திக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் அப்பாவுக்கு இன்னும் காலை ஊன்ற முடியவில்லை, எனக்கும் இடுப்பு விட்டுப்போகிறது, மற்றபடி முருகன் புண்ணியத்தில் ஓடுகிறது. உன் சுகத்தைக் கேட்டு எழுத மனசு வரவில்லை, நீ சுகமாக இல்லை என்பது தெரிந்துவிட்டது. உன் போனுக்கு அடித்து அடித்து அலுத்துப் போனேன், ஓப் பண்ணி வைத்திருக்கிறாய். நூர்தீன் நானாவின் மரக்கறி லொறி இன்று சாயந்தரம் உன் பக்கம் இறங்குகிறது, மகன் றிஷாத் இந்தக் கடிதத்தைத் தன் கையாலேயே ஹொஸ்டல் வாசலில் கொடுப்பதாகச் சொன்னார். முழுசாக வாசி, பாதியில் மடித்து வைக்காதே.

மழை விட்டபாடில்லை. தேயிலைக் கொழுந்து கிள்ள மலைக்குப் போனால் காலெல்லாம் அட்டை, வீட்டுக்கு வந்தால் கூரை ஒழுக்கு, எதற்கு முதலில் கோபப்படுவது என்று தெரியவில்லை. அப்பா தண்ணி ஓடும் கானில் வழுக்கி விழுந்த நாளிலிருந்து லயத்து வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து எனக்குத் துரையாகிவிட்டார், கட்டுப் போட்ட காலோடு அடுப்படிக்கு நகர்ந்து வந்து கறிக்கு உப்புக் காணாது என்கிறார். ஈரக் கொழுந்து என்று கணக்கப்பிள்ளை நிறையில் கழித்துவிட்டு நேற்றும் எனக்கு அரைப் பேர்தான் போட்டார், பாதிச் சம்பளம் போச்சு. கேட்கத் தெம்பில்லை, தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். இந்த அலுப்பில்தான் அன்றைக்கு உன்னிடமும் பேசியிருக்கிறேன் மகளே.

அன்று நீ போன் அடித்தபோது நான் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் என் முறைக்கு நின்றுகொண்டிருந்தேன், காற்றும் மழையும், பக்கத்தில் வேலாயி வேறு யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். "அம்மா, எனக்குப் பேரு போடலம்மா, மத்த மூணு பேருக்கும் போட்டுட்டாங்க" என்று நீ சொன்னது மட்டும்தான் காதில் விழுந்தது. நமக்குப் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்தானே, வேறென்ன. லீவு நாளில் எங்கோ கடையில் வேலைக்கு நின்றிருக்கிறாய், அந்த நாள் பேரைப் போடாமல் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். "ஒரு பேருதானம்மா, போனா போகுது, விடு. அதுக்குப் போயி யாருகிட்டயும் சண்டைக்கு நிக்காத" என்றேன். பிறகு, "சரிம்மா, நீங்களே சொல்லிட்டீங்க, விட்டுர்றேன்" என்று வைத்துவிட்டாய். பிள்ளை சொல்பேச்சுக் கேட்கிறது என்று நான் சந்தோஷமாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தேன், என் புத்தியை என்ன சொல்ல.

நேற்றுத்தான் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் உன் கூட்டாளி வினோதா வந்து விளக்கமாகச் சொன்னாள். நீங்கள் நாலு பேர் சேர்ந்து கேம்பஸ் பாடத்துக்குச் செய்த அந்தக் கொழுந்து லொறி கொம்பியூட்டர் விளையாட்டை அவள் போனில் காட்டினாள். மூட்டம் இறங்கி ரோட்டை மறைக்கிறது, லொறி தடுமாறுகிறது, நேரம் போகப் போகச் சாக்குக்குள் கொழுந்து சூடாகிச் சிவக்கிறது. அந்த மூட்டமும் கொழுந்தும் நீ செய்தது என்று எனக்குத் தெரியாதா? அப்பா விழுந்ததைக் கேட்டு ஓடி வந்திருந்தாயே, லயத்தில் சிக்னல் இல்லை என்று மடுவத்து ஓரத்தில் லெப்டொப்பை மடியில் வைத்து நீ எழுத, நான்தானே குடை பிடித்துக்கொண்டு நின்றேன். முடிவில் செய்தவர்கள் பெயர் ஓடியது. எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது, ஆனால் உன் பேரின் முதல் எழுத்துத் தெரியும், உன் சேர்ட்டிபிக்கெட்டில் எத்தனை தரம் தடவிப் பார்த்த எழுத்து. ஓடிய மூன்று பெயரிலும் அது இல்லை.

உங்கள் குழுவுக்குத் தலைவனாக இருக்கும் அந்த நிரஞ்சன், நீ ஊருக்குப் போய்ச் சும்மா இருந்தாய், வேலையில் உனக்குப் பங்கில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டானாம். எல்லாரும் வேலையை நெட்டில் போட்டு வைக்கும் இடத்தில் யார் கொண்டுவந்து போடுகிறாரோ அவர் பெயரில்தான் விழுமாமே. இங்கே சிக்னல் போதாமல் நீ அவன் போனுக்கு அனுப்பி, அவன் கொண்டுபோய்ப் போட, எல்லாம் அவன் செய்ததாக ஆகிவிட்டது. நம் மடுவத்திலும் இதே அநியாயம்தான், ஒருத்தி கிள்ளிய கொழுந்தை இன்னொருத்தி தூக்கிக்கொண்டுபோய் நிறுத்தால் நிறுத்தவளுக்குத்தான் நிறை. பேர் இல்லாவிட்டால் அந்தப் பாடத்தில் நீ பெயிலாம், ஒரு வருஷம் பின்னால் போய்விடுமாம். திங்கட்கிழமை காலையில் வந்து உன் பக்கத்தைச் சொல் என்று பாடம் எடுக்கும் சேர் கூப்பிட்டும், அம்மா விடச் சொல்லிவிட்டார், போகமாட்டேன் என்று வினோதாவுக்கு எழுதியிருக்கிறாயே. ஏன்டி, வேறு எதற்காவது இப்படி என் பேச்சைக் கேட்டிருக்கிறாயா?

மகளே, நான் விடச் சொன்னது வேறு பேர். அந்தப் பேர் போனால் மறுநாள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய் நின்றால் இன்னொன்று விழும், அப்படி நினைத்துத்தான் நானும் அப்பாவும் எத்தனையோ விட்டிருக்கிறோம், விட்டு விட்டுப் பழகிவிட்டது. உன்னுடையது அப்படி விடுகிற பேரில்லை. எனக்குச் சண்டை பிடிக்காது, இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது, பெரிய இடத்துப் பிள்ளைகளோடு உனக்கு மனஸ்தாபம் வந்துவிடுமோ என்று ராத்திரி முழுக்கப் புரண்டேன். இருந்தாலும் போ. நிரஞ்சனுக்கு அனுப்பியதெல்லாம் உன் போனில் இருக்கும், கோபத்தில் எதையும் அழித்துவிடாதே, அப்படியே சேரிடம் காட்டு. அழுகை வந்தால் அழுதுகொண்டே சொல்லு, சொல்லாமல் மட்டும் வந்துவிடாதே.

அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். குலசாமி உன் கூடவே வரும். சோறு தின்னாமல் கிடக்காதே, றிஷாத்திடம் கருவாட்டுச் சம்பல் கொடுத்திருக்கிறேன், போத்தலை நன்றாக மூடி வை. திங்கட்கிழமை அங்கே உன் பேர் என்ன என்று கேட்டால் வழக்கம்போல வாய்க்குள் முணுமுணுக்காதே. செல்லசாமி பிரியந்தி என்று அப்பா பேரோடு முழுப் பேரையும் சொல்லு, அவர்கள் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நில்லு.

இப்படிக்கு,
உன் அம்மா
மீனம்மா