ஒரு விரல் உயரத்தில் நீ

மச்சான்,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் வரி மேலே ஏறுகிறது, பிறகு சரிந்து கீழ்க்கோட்டில் விழுகிறது. ஒரு எழுத்து கடுகு மாதிரி வருகிறது, அடுத்தது பூசணிக்காய் மாதிரி. கை நடுக்கம் பாதி, புதுப் பழக்கம் பாதி. தாளின் ஓரத்தில் அங்கங்கே கறுப்பாகத் தெரிவது பேனா மை இல்லை. இன்று காலையில் உன் கண்ணுக்கு வைத்த கறுப்பு. சோப்புப் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. சரி, உனக்கு எழுதியாவது பார்க்கலாம் என்று ஆரம்பித்துவிட்டேன்.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். நீ போன பிறகு நம் தெருப் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வேளையில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தர ஆரம்பித்தார்கள். நான் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். மற்றவர்கள் எல்லாரும் பெண்கள். "இன்னா பெரியவரே, இன்னிமேட்டு படிச்சி கலெக்டரா ஆவப் போறியா?" என்று பூக்காரம்மா கேட்டாள். "ஆமா, ஆனதும் மொத கையெழுத்து உனக்குத்தான்" என்றேன்.

நான் போன காரணம் உனக்குத் தெரிந்திருக்கும். பொம்மைக்குக் கண் வைப்பதும் அடியில் பேர் எழுதுவதும் உன் வேலை. புடவைக் கரை, சட்டைப் பொத்தான், நெற்றிப் பட்டை எல்லாம் என் வேலை. நீ போனதும் மீனா பேரையும் கண்ணையும் ஸ்டிக்கராக வாங்கி ஒட்ட ஆரம்பித்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது, செங்கம் ரோட்டில் கடையை நடத்தியாக வேண்டும் அல்லவா? ஆனால் எந்தப் பொம்மையை எடுத்தாலும் ஒரே முழி. மாப்பிள்ளைக்கும் அதே முழி, மாமியாருக்கும் அதே முழி. கண்ணுக்கு என்னால் வழி செய்ய முடியாது, பேரையாவது மீட்போம் என்றுதான் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். முதன்முதலில் ஒரு பொம்மையின் அடியில் 'கமலா' என்று எழுதிவிட்டு, ஈரம் காய்வதற்குள் டீக்கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்து, "கமலா" என்றார். நான் எழுதியதை இன்னொருவர் படித்தார், மச்சான்! அந்தச் சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை.

போன வாரம் நீ ஒரு அட்டைப்பெட்டியில் வந்தாய்.

மீனா பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "ஐயா, இத நீங்களே பிரிங்க" என்றாள். வழக்கமாக அவளே பிரிப்பாள். போனில் வந்த போட்டோவைச் சென்னைக்கு அனுப்புவதும், அங்கே மெஷினில் செய்த வெள்ளைப் பொம்மையை வாங்கி நம்மிடம் தருவதும் அவள் வேலைதானே. பிரித்தேன். ஒரு விரல் உயரத்துக்கு உடம்பெல்லாம் சுண்ணாம்பு வெள்ளையாக ஒரு ஆள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான். முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அப்படி ஒரு கூன் இந்த ஊரில் வேறு யாருக்கு?

அனுப்பச் சொன்னது உன் மகள். சென்னையிலிருந்து என்னோடு போனில் பேசினாள். உன் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போடக் கொடுத்தார்களாம். போட்டோக் கடைக்காரர் உன்னைச் சிவப்பாக்கி, கோட்டு மாட்டி, கழுத்தில் டையும் கட்டிவிட்டிருக்கிறார். உன் வீட்டில் தங்கச்சி அதைப் பார்த்து, "யார்டி இந்த ஆபீசரு?" என்று கேட்டு, படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டாளாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உன் மகள் சிரிக்கவில்லை.

"மாமா, அதோட போச்சின்னா பரவால்ல. அம்மாக்கு இப்போ அப்பா மொகமே ஞாபகம் வரலையாம். கண்ண மூடினா அந்தக் கோட்டு போட்ட ஆளுதான் வர்றாராம். ஒக்காந்து அழுவுது. நீங்க செஞ்சி குடுத்தா நம்பும். ஸ்டிக்கர் மட்டும் வேணாம் மாமா."

"செஞ்சிடலாம் கண்ணு" என்று சொல்லிவிட்டேன். வாய்க்கு நடுக்கம் இல்லை அல்லவா? சொல்லிவிட்டது.

லுங்கிக் கட்டத்தை ஒரே நாளில் முடித்தேன். நீ எப்போதும் கட்டும் பச்சைக் கட்டம். சட்டைப் பையில் பேனா குத்தியிருந்த இடத்தில் ஒரு நீலக் கறையும் வைத்தேன். நரைமுடி, மீசை, காலில் அறுந்து தைத்த செருப்பு எல்லாம் சந்தோஷமாகச் செய்தேன். பிறகு கண் வந்தது. எழுந்து போய் டீ குடித்தேன்.

உனக்குக் கை ஆட ஆரம்பித்த நாட்கள் ஞாபகம் இருக்கிறதா? என்னிடம் மறைத்தாய். நானும் என் கை ஆடுவதை உன்னிடம் மறைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் டம்ளரைத் தூக்கி, இரண்டு பேர் டீயும் மேஜையில் கொட்டிய அன்றைக்குத்தான் குட்டு வெளிப்பட்டது. அதற்குப் பிறகு நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். டம்ளரைக் கவிழ்த்து, அதன் மேல் மணிக்கட்டை அழுத்திப் பிரஷ்ஷைப் பிடித்துக்கொள்வாய். நான் பொம்மையைப் பிரஷ் நுனிக்குக் கொண்டுவர வேண்டும். "என் கை மேலயும் கீழயும் ஆடுது, உன் கை அந்தாண்ட இந்தாண்ட ஆடுது. ரெண்டும் ஆடி ஓயறப்ப ஒரு சந்து கெடைக்கும். அதுல வெச்சிடணும்" என்பாய். கிடைத்தது. எத்தனையோ பேருக்கு அந்தச் சந்தில்தான் கண் வைத்தோம். மீனா வாயைப் பொத்திக்கொண்டு பார்ப்பாள். "ரெண்டு பேரும் சேந்தா ஒரு கை தேறுது" என்பாள்.

கறுப்புச் சட்டைக்காரர் பொம்மையையும் இந்த வாரம் நினைத்துக்கொண்டேன். ஆரணிப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் அப்பாவைச் செய்யச் சொல்லியிருந்தார். மலை சுற்றுகிற பக்தர்கள் பொம்மையாகவே செய்து பழகிய என் கை, கறுப்புச் சட்டையைத் தீட்டி முடித்த கையோடு நெற்றியில் மூன்று விபூதிக் கோட்டையும் இழுத்துவிட்டது. வந்தவர் பார்த்துவிட்டுக் குதித்தார். "யோவ்! எங்கப்பன் சாவற வரைக்கும் கோயில் வாசப்படி மிதிக்காதவருய்யா! அவருக்குப் பட்ட போட்டு வெச்சிருக்கீங்க?" நீ சாவதானமாக, "கோச்சிக்காதீங்க. இந்த ஊருல கை அதுவா இழுத்துடுது. செத்த ஒக்காருங்க" என்றாய். பிளேடு முனையால் வெள்ளையைச் சுரண்டினாய். பள்ளம் விழுந்த மூன்று கோட்டிலும் காப்பிக் கலரைத் தடவினாய். பட்டை போய்ச் சுருக்கம் வந்துவிட்டது. அவர் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "அப்பா பேப்பர் படிக்கிறப்ப இப்பிடித்தான் நெத்திய சுருக்குவாரு" என்றார். அவர் படி இறங்கியதும் என் காதில் சொன்னாயே: "இன்னா மச்சான், நாத்திகரையும் அரை மணி நேரம் மலை சுத்த வுட்டுட்ட."

நீ இருந்திருந்தால் உன் கண்ணையும் இப்படி ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாய். எனக்கு அது வரவில்லை. உன்னைத் தள்ளி வைத்துவிட்டு, கால் உடைந்து மூலையில் கிடந்த பழைய பொம்மை ஒன்றைக் களிமண்ணில் நிற்கவைத்துத் தனியாகப் பழகிப் பார்த்தேன். புள்ளி மூக்கில் விழுந்தது, காதில் விழுந்தது. சாயங்காலத்துக்குள் அதற்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. மீனா பிடித்துக்கொள்ள வந்தாள். அவள் கை நன்றாகத்தான் நின்றது. ஆனால் பிரஷ் நுனி உன் முகத்துக்குக் கிட்டே போனதும் நான் கையை இழுத்துக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. நடுக்கம் மட்டும் காரணம் இல்லை. இத்தனை வருஷமும் நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். உன் காது தெரியும், கன்னத்து மரு தெரியும், மூக்கின் ஒரு பக்கம் தெரியும். நேருக்கு நேராக உன் கண் எப்படி இருக்கும்? எனக்குத் தெரியவில்லை, மச்சான். போனில் வந்த போட்டோவிலும் கண் இருக்கும் இடம் மங்கல்தான். எழுந்து வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். "ஐயா, ஒரு எடத்துல ஒக்காருங்க, எனக்கு தல சுத்துது" என்று மீனா கத்தினாள்.

இன்று காலை உன்னைப் பஞ்சில் சுற்றி டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். யாரையும் கேட்கவில்லை. ஒவ்வொரு பஸ்ஸின் நெற்றியையும் நானே படித்தேன். 'கீழ்பென்னாத்தூர்' எவ்வளவு நீளமான பேர், தெரியுமா? நான் கடைசி எழுத்துக்கு வருவதற்குள் பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. ஓடிப்போய் ஏறினேன். "எங்க பெருசு?" என்று கண்டக்டர் கேட்டார். "போர்டுல போட்டிருக்குதே, அங்கதான்" என்றேன். அப்படி ஒரு பதிலை வாழ்நாளில் ஒரு முறையாவது சொல்லிவிட வேண்டும் என்று ஆசை.

தங்கச்சி வாசலில் மல்லாட்டை உரித்து, கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். டப்பாவைத் திறந்து உன்னை அவள் உள்ளங்கையில் வைத்தேன். லுங்கியைப் பார்த்தாள். செருப்பைப் பார்த்தாள். முகத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

"கண்ணு எங்கண்ணா?"

"அதுக்குத்தான் வந்தேன். நீ பொம்மைய புடிச்சிக்கணும். அவன் மொகத்த நேரா பாத்தவ நீதான்."

"எனக்கும்தான் மறந்து போச்சே" என்றாள்.

அவள் அழுதால் நானும் அழுதுவிடுவேன். அப்புறம் வேலை எங்கே நடப்பது? டம்ளரைக் கவிழ்த்து, மணிக்கட்டை அழுத்தி, பிரஷ்ஷைக் கறுப்பில் தொட்டுக்கொண்டு காத்திருந்தேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே உன்னைக் கிட்டே கொண்டுவந்தாள். நுனி தொடப்போகும் நேரத்தில் சட்டென்று பின்னால் இழுத்தாள்.

"அங்க இல்ல! அவ்ளோ மேல இல்ல. எடது கண்ணு செத்த எறங்கினாப்புல இருக்கும்."

"அப்பிடியா?"

"சாப்புடறப்ப நிமுந்து பாத்தா வலது மட்டும் மொதல்ல வரும். எடது சோம்பேறி மாதிரி அப்புறமாத்தான் வரும். இவ்ளோ நாளு கூட இருந்து இதுகூடவா பாக்கல நீ?"

திட்டிக்கொண்டே உன்னை மறுபடியும் கொண்டுவந்தாள். என் கை ஆடியது. அவளுக்குப் பொறுமை கம்மி, உனக்குத் தெரியாததா? "வைண்ணா, அடுப்புல சோறு கொதிக்குது" என்றாள். இருந்திருந்து ஒரு நொடி நுனி அசையாமல் நின்றது. அந்த நொடிக்குள் அவள் கை உன்னைக் கொண்டுவந்து தொட்டுவிட்டது. இடது கண். கொஞ்சம் இறங்கி, தூக்கக் கலக்கத்தோடு.

உள்ளே சோறு பொங்கி வழியும் சத்தம் கேட்டது. அதற்கும் அவள் எழுந்து போகவில்லை.

"வந்துட்டாரு" என்றாள் கடைசியில்.

நான் பிரஷ்ஷைத் திரும்பவும் கறுப்பில் தொட்டேன். அவள் உன்னைப் புடவை முந்தானைக்குள் மூடிக்கொண்டாள். "போதும்ண்ணா. இன்னிக்கு ஒண்ணு போதும். ரெண்டு கண்ணாலயும் பாத்தார்னா நான் தாங்க மாட்டேன்."

நாம் ஒரு பொம்மையைக்கூட ஒற்றைக் கண்ணோடு விட்டுவிட்டு எழுந்ததில்லை. மழை வந்தாலும், கரண்ட் போனாலும், இரண்டாவது கண்ணை வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாய். அவளிடம் அதைச் சொன்னேன், கெஞ்சிக்கூடப் பார்த்தேன். "ஒரு வருசமா எட்டிப் பாக்காதவரு, ஒரு வாரம் ஒத்தக் கண்ணால பாக்கட்டும். அடுத்த ஞாயித்துக்கெழம வா. மல்லாட்ட வேவிச்சி வெக்கிறேன்" என்றாள். பிறகு உன்னை அடுப்புக்கு மேலே உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் நிறுத்தி, வழிந்த கஞ்சியைத் துடைக்கப் போனாள். துடைத்துக்கொண்டே உன்னைத் திட்டினாள். "அங்க நின்னு இன்னா முழிக்கிற? உன்னாலதான் சோறு கொழஞ்சி போச்சி." நான் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டும் வரை அந்தத் திட்டு நிற்கவில்லை.

எனக்குத்தான் நிலைகொள்ளவில்லை. வந்ததிலிருந்து நடக்கிறேன், உட்காருகிறேன், இரண்டு வரி எழுதுகிறேன், மறுபடி நடக்கிறேன். அடுப்புப் புகை பட்டால் பெயின்ட் மங்கிவிடுமோ? பல்லி தட்டிவிடுமோ? போன் செய்து கேட்கலாம் என்றால், சிரிப்பாள். உன் பிரஷ் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. கழுவி, நுனியை நாக்கில் வைத்து நீ கூராக்குவதைப் போலவே கூராக்கி வைத்திருக்கிறேன். அவள் இரண்டாவது கண்ணுக்குச் சம்மதிப்பாளோ, இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்பாளோ, தெரியவில்லை. எப்படியானாலும் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போகிறேன். திரும்பி வந்ததும் கையைக்கூடக் கழுவாமல் உனக்கு எழுதுகிறேன். அதுவரை, இருக்கிற ஒரு கண்ணை மூடிவிடாதே. அவள் உன்னிடம் பேசிக்கொண்டிருக்கிறாள்.