வெளிச்சவீடும் இன்னும் ஆறு இடங்களும்

மல்வேர்ன், ரொறன்ரோ
18.11.1997

அன்புத் தங்கச்சி கிளடிசுக்கு,

மாதாவின் கிருபையால் நாங்கள் மூன்று பேரும் சுகம். நீயும் சீமோன் மச்சானும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் வேலைக்குப் போகும் பஸ்சிலேயே செபமாலை சொல்கிறேன். ஒன்றேகால் மணித்தியாலப் பயணம். செபமாலை முடிந்தாலும் வழி முடிவதில்லை.

உனக்கு ஒரு சந்தோசச் செய்தி. பெப்ரவரியில் ஊருக்கு வருகிறேன்! பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு, கனேடியப் பாஸ்போட்டோடு, மூன்று கிழமை. உன் அண்ணி கரோலினுக்கு லீவு இல்லை, பயம் மட்டும் நிறைய இருக்கிறது. தனியாகத்தான் வருகிறேன். "அப்பா, உங்கட ஊரில கடல் இருக்கா?" என்று மகன் றமேஸ் கேட்கிறான். தீவில் பிறந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? அவனுக்குக் காட்டவென்றே ஒரு வீடியோ கமெரா வாங்கிவிட்டேன்.

பார்க்க வேண்டிய ஏழு இடங்களைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். வெளிச்சவீடு, இராமேஸ்வரக் கப்பல் வந்த இறங்குதுறை, மணல்திட்டு, பெருக்கமரம், கோயிலடி, எங்கள் ஐயாவின் மீன்வாடி. ஏழாவது உன்னுடைய குசினி, அந்த அடுப்படி. எந்த இடத்தில் எத்தனை மணிக்கு வெயில் நன்றாக விழும், எப்போது ஆள் நடமாட்டம் இராது என்றெல்லாம் ஞாபகத்திலிருந்தே பக்கத்தில் குறித்திருக்கிறேன். தாளை மச்சானிடம் கொடு. வள்ளத்துக்கு அவர்தான் பொறுப்பு.

உன் அன்பு அண்ணன்,
யேசுரட்ணம்


மன்னார்
20.12.1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் வருகிறீர்கள் என்று வாசித்ததும் கையில் இருந்த மீனைப் பூனைக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் பருப்புத்தான். பிள்ளைகள் இன்னும் உங்களைத் திட்டுகிறார்கள்.

இவர் உங்கள் தாளை வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "கொண்ணன் எண்பத்தஞ்சாம் ஆண்டிலேயே நிக்கிறார். வெளிச்சவீட்டுப் பக்கம் இப்ப ஆமி முகாம். இறங்குதுறையும் அப்பிடித்தான். கமெராவோட அங்காலை போகேலாது எண்டு எழுது" என்றார். பெருக்கமரத்துக்கும் கோயிலடிக்கும் போகலாம், ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். ஆகையால் அண்ணா, கமெராவை அங்கேயே விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் கொண்டு வாருங்கள்.

தாளை வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன். இத்தனை வருசத்தில் நீங்கள் எனக்கு எழுதியதில் அதுதான் ஆக நீளமானது. கோபிக்க வேண்டாம், உண்மையைத்தான் சொல்கிறேன்.

உங்கள் பாசமுள்ள தங்கச்சி,
கிளடிஸ்


மல்வேர்ன், ரொறன்ரோ
02.04.1998

அன்புத் தங்கச்சிக்கு,

வந்து சேர்ந்து மூன்று கிழமையாகியும் என் சப்பாத்துக்குள் இன்னும் மன்னார் மண் இருக்கிறது. கரோலின் தட்டப்போனாள், நான் விடவில்லை.

மச்சானுக்கு எப்படி நன்றி சொல்வேன்! முதல் நாலு நாளும் "ஏலாது, ஏலாது" என்று நின்ற மனுசன், நான் கண் கலங்கியதும் "சரி, வாருங்கோ" என்று விடியப்புறம் வள்ளத்தை இறக்கினாரே. அவர் வேறு பிறவி. ஏழு இடத்தில் ஒன்றும் தவறவில்லை, உன் குசினி உட்பட. உன் வேதாகமத்துத் தாளில் ஒவ்வொன்றுக்கும் சிவப்புப் பேனாவால் சரி போட்டபோது பள்ளிக்கூடத்தில் நூறு மார்க் வாங்கியதுபோல் இருந்தது.

போன சனிக்கிழமை எங்கள் பேஸ்மென்றில் கசற்றைப் போட்டேன். முப்பது பேர் வந்தார்கள். அருள்நாயகம் அண்ணை குலுங்கிக் குலுங்கி அழுதார். வெளிச்சவீட்டுக்கு முன்னால் நான் நின்று, "ரொறன்ரோவிலை இருக்கிற சனங்களே, இஞ்சை பாருங்கோ, இதுதான் எங்கடை சொர்க்கம்" என்று சொல்கிற இடத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். அதை எடுத்தது நீதானே! படம் கொஞ்சம் ஆடியிருக்கிறது. மச்சானும் நீயும் வீணாகப் பயந்தீர்கள். என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை.

கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிற பேனாட் இதற்கு இசை சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

உன் அன்பு அண்ணன்,
யேசுரட்ணம்


மன்னார்
11.05.1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

இவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்றைக்குப் பத்தொன்பது நாள்.

வள்ளத்தில் கமெரா கண்டதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்தவர்கள் வீட்டைக் கிளறி, வேதாகமத்தை உதறினார்கள். உங்கள் தாள் விழுந்தது. தமிழ் தெரிந்த ஒருவன் உரத்து வாசித்தான். "வெளிச்சவீடு: காலை ஆறரை. ஆள் நடமாட்டம் இராது. இறங்குதுறை: பின்னேரம் ஐந்து. தெற்குப் பக்கம் நின்றால் முழுதும் தெரியும்." பக்கத்தில் சிவப்புச் சரி அடையாளங்கள். அவன் வாசிக்க வாசிக்க எனக்கே பயமாக இருந்தது அண்ணா. அது படம் பிடிக்க எழுதிய தாள், என் அண்ணன் எழுதியது என்று காலில் விழுந்து சொன்னேன். "அப்ப அவரைச் சொல்லச் சொல்லு" என்றார்கள்.

சட்டத்தரணி பத்மநாதன் ஐயா இரண்டு காரியம் கேட்கிறார். தாளை எழுதியதும் படம் எடுத்ததும் நான்தான் என்று நீங்கள் ஒரு சத்தியக் கடதாசி முடித்து அனுப்ப வேண்டும். மற்றது அந்தக் கசற், முழுதாக. அதில் உங்கள் முகமும் குரலும் இருக்கிறதே. இரண்டும் கிடைத்தால் இவரை மறியலில் அடைத்து வைத்திருக்க வேறு காரணம் இல்லையாம். தொலைபேசிக் கடையில் வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் காது கொடுப்பார்கள், அதனால்தான் எழுதுகிறேன். கெதியாக அனுப்புங்கள்.

உங்கள் தங்கச்சி,
கிளடிஸ்


மல்வேர்ன், ரொறன்ரோ
20.06.1998

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மச்சானைப்போல ஒரு சாதுவுக்கா இந்தக் கதி! மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன். கரோலின் ஒன்பது நாள் செபம் தொடங்கியிருக்கிறாள்.

ஆனால் தங்கச்சி, அந்தத் தாளை ஏன் வைத்திருந்தாய்? கிழித்து அடுப்பில் போட்டிருக்கலாமே.

நீ கேட்டதைப் பற்றி அருள்நாயகம் அண்ணையிடம் பேசினேன். அவர் விசயம் தெரிந்தவர். "உம்மடை பேர் ஒருக்கா அவங்கடை புத்தகத்திலை ஏறிச்சுதெண்டா, பிறகு சீவியத்துக்கும் ஊர்ப்பக்கம் போகேலாது" என்கிறார். அடுத்த வருசத் திருநாளுக்குக் கூட்டிக்கொண்டு போவதாக றமேசுக்குச் சொல்லியும்விட்டேன். அவசரப்படாமல் யோசித்து, எல்லாருக்கும் நல்லதாக ஒரு வழி பார்ப்போம். ஆண்டவர் கைவிடமாட்டார்.

உன் அன்பு அண்ணன்,
யேசுரட்ணம்


மன்னார்
24.07.1998

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். சத்தியக் கடதாசி என்ற சொல்லை அதில் காணவில்லை.

தாளை ஏன் வைத்திருந்தேன் என்று கேட்டீர்கள். உங்கள் கையெழுத்து என்று வைத்திருந்தேன்.

நேற்று இவரைப் பார்க்க விட்டார்கள். வலது கைப் பெருவிரலில் நகம் இல்லை. "கொண்ணன் எழுதிப்போட்டாரோ?" என்று கேட்டார். "போட்டிட்டார், வருகுது" என்று சொன்னேன். அந்தப் பொய்யை உண்மையாக்குங்கள். வழக்குத் தவணை செப்டெம்பர் ஒன்பதாம் திகதி.

கிளடிஸ்


மல்வேர்ன், ரொறன்ரோ
18.08.1998

அன்புத் தங்கச்சிக்கு,

எங்கள் பக்கத்து வீட்டு பாலேஸ்வரி அன்ரி கொழும்புக்கு வருகிறா. அவவின் கையில் கசற்றைக் கொடுத்து விடுகிறேன். இங்கத்தைய கசற் உங்கள் டெக்கில் ஓடாது என்றபடியால் பேனாட் அதற்கேற்றபடி மாற்றித் தந்திருக்கிறான். திருத்தமான வேலைக்காரன். மச்சானின் அப்பாவி முகத்தை ஒருமுறை பார்த்தால் எந்த நீதவானுக்கும் மனம் இளகும். கடதாசி தேவைப்படாது.

உன் அண்ணன் கோழை என்று நினைக்காதே. பனி கொட்டுகிற நாளில் அந்தக் கடலை நினைத்துத்தான் வேலைக்கு எழும்புகிறேன். அதை இனிக் காணாமலே செத்துப்போ என்று மட்டும் என்னிடம் கேட்காதே. வேறு எதுவும் கேள்.

என்றும் உன் அண்ணன்,
யேசுரட்ணம்


மன்னார்
21.09.1998

திரு. யேசுரட்ணம் அவர்களுக்கு,

கசற் தவணைக்கு முதல் நாள் கிடைத்தது. பங்குச் சுவாமியின் அறையில் போட்டுப் பார்த்தோம். பத்மநாதன் ஐயாவும் இருந்தார்.

முதலில் வயலின் கேட்டது. பிறகு வள்ளம் வந்தது, இவர் வந்தார், சிரித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். வெளிச்சவீடு தெரிந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "இப்ப வருவார், இப்ப அண்ணா வருவார்" என்று சுவாமிக்குச் சொன்னேன். அந்தக் காட்சியை எடுத்தது நான். நீங்கள் நின்ற இடம் எனக்குத் தெரியும். அந்த இடத்தில் ஒரு ரோசாப்பூ விரிந்தது. கலியாண வீட்டுக் கசற்றில் மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் சுற்றிப் போடுவார்களே, அதே பூ. பூ மறைந்ததும் மணல்திட்டு வந்துவிட்டது.

திரும்ப ஓடவிட்டுப் பார்த்தோம். நீங்கள் எங்கேயும் இல்லை. உங்கள் குரல் இருந்த இடமெல்லாம் வயலின். "மச்சான், வெளிச்சவீட்டுப் பக்கம் கையைக் காட்டுங்கோ" என்று சொன்னது நீங்கள். சொன்ன வாய் இல்லை, காட்டிய கை மட்டும் இருக்கிறது. வெளிச்சவீட்டைக் காட்டுகிறார், இறங்குதுறையைக் காட்டுகிறார், படம் முழுக்க இவர் ஒருவர்தான் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

"உந்தப் படத்தைக் குடுத்தா நாங்களே அவரைப் பிடிச்சுக் குடுத்த மாதிரி" என்று பத்மநாதன் ஐயா கசற்றை வெளியே எடுத்தார். சுவாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் பயந்தவர் என்று நினைத்திருந்தேன், பயத்தை மன்னித்துமிருப்பேன். உட்கார்ந்து, காட்சி காட்சியாகப் பார்த்து, உங்களை மட்டும் வெட்டி எடுக்கப் பயம் போதாது. அதற்குப் பொறுமை வேண்டும்.

வழக்கைப் பெப்ரவரிக்குத் தள்ளி, இவரைத் தெற்கே ஒரு மறியலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஏற்றும்போது கேட்டார், "கசற் வந்ததோ? கொண்ணன் அதிலை வடிவாய்த் தெரியிறாரோ?" ஓம் என்றேன். உங்களுக்காக நான் சொன்ன கடைசிப் பொய் அது.

கசற்றை இத்துடன் அனுப்புகிறேன். பேஸ்மென்றில் போடுங்கள், சனம் அழட்டும்.

அடுத்த வருசம் திருநாளுக்கு மகனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். உங்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை, ஒருவரும் மறிக்கமாட்டார்கள். பெருக்கமரம் நிற்கிறது. மணல்திட்டு அங்கேயே கிடக்கிறது. ஐயாவின் வாடிக்குக் கூரை போய்விட்டது, மற்றப்படி இருக்கிறது. கடலுக்கும் ஒரு குறையும் இல்லை.

புதுத்தாளில் பட்டியல் எழுதும்போது மட்டும் ஆறோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
திருமதி சீமோன்