நூற்றுப்பத்து வோல்ட் பெட்டி

சின்ன காஞ்சிபுரம்
5.3.2005

சிரஞ்சீவி ஸ்ரீவர்தனுக்கு அம்மா ரமாமணியின் ஆசீர்வாதம். வரதன் கிருபையில் நான் இங்கே சௌக்கியம். அங்கே நீயும் ஸௌம்யாவும் சௌக்கியமா, குழந்தை லக்ஷணாவுக்கு இருமல் நின்றதா, நியூஜெர்சியில் பனி குறைந்ததா. முறைக்குக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். இனிமேல் வருவதெல்லாம் கோபம்தான், தெரிந்துகொண்டு மேலே படி. போனில் திட்டலாம் என்றால் நான் ஆரம்பித்ததுமே லைன் சரியில்லை என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அந்தச் சாக்குச் சொல்ல முடியாது.

நான் உன்னிடம் என்ன கேட்டேன் என்று முதலில் ஞாபகப்படுத்துகிறேன். நம் கூடத்தில் இருக்கும் ஸ்டீரியோவில் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் இன்னும் நன்றாகத்தான் இருக்கின்றன, சிடி பிளேயர் மட்டும் கிழடாகிவிட்டது, வயலின் மேல் ஸ்தாயிக்குப் போனால் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி பல் கூசுகிறது. பிளேயரை மாற்ற வேண்டாம், வெளியில் தனியாக ஒரு டி.ஏ.சி. பெட்டி வைத்தால் போதும் என்று நீதான் சொன்னாய். சிடியில் இருப்பது வெறும் எண்கள், அவற்றைச் சத்தமாகிற மின்சாரமாக மாற்றுவதுதான் அந்தப் பெட்டியின் வேலை என்று இரண்டு பக்கத்துக்கு மெயிலில் விளக்கமும் எழுதினாய், காலமெல்லாம் பெண்கள் பள்ளியில் பிசிக்ஸ் நடத்தி ரிட்டையர் ஆனவளுக்கு. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பதில் போட்டேன். பிளேயரின் முதுகில் அந்த எண்கள் வெளியே வர கோஆக்ஸியல் ஓட்டை ஒன்றுதான் இருக்கிறது, அதற்குப் பொருந்த வேண்டும், ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டு ஒயர் போக வேண்டும், நம் ஊரில் வருகிற இருநூற்று முப்பது வோல்ட் கரண்டில் ஓட வேண்டும். இதைத் தவிர வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

நீ அனுப்பிய பார்சல் வந்ததும் ஆசையாகத்தான் பிரித்தேன். சோப்புப் பெட்டி அளவில் ஒரு சாமான், முன்பக்கம் ஹெட்ஃபோன் மாட்ட ஓட்டை, கூடவே மெத்தை வைத்த ஹெட்ஃபோன் ஒன்று. அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் நூற்றுப்பத்து வோல்ட் என்று போட்டிருக்கிறது. வேறு யாராவது என்றால் சொருகிப் புகையைப் பார்த்திருப்பார்கள். கடைக்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டான் போலிருக்கிறது, பாவம் குழந்தை அவசரத்தில் கவனிக்கவில்லை என்று உன்னை நினைத்துத்தான் வருத்தப்பட்டேன், அதைச் சொல்லத்தான் போன் போட்டேன். கூடவே வந்த காகிதத்தில், இதே பெட்டி இருநூற்று முப்பது வோல்ட்டிலும் கிடைக்கும் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்ததையும் படித்துக் காட்டினேன். அதற்கு நீ என்ன சொன்னாய் என்று உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. "இப்போதைக்கு வோல்டேஜைக் குறைக்கிற ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோம்மா. ஆனி மாசம் நீ இங்கதானே வரப்போறே, உனக்கு எதுக்கு டூ தர்ட்டி?" என்றாய். ஹெட்ஃபோன் எதற்கு என்று கேட்டதற்கு, அபார்ட்மென்டில் சுவரெல்லாம் அட்டை மாதிரி, பக்கத்து வீட்டுக்காரர்கள் கம்ப்ளெயின்ட் பண்ணுவார்கள் என்றாய்.

ஆனியில் நான் அங்கே வரப்போவதாக யார் முடிவு செய்தது? குழந்தை பிறந்தபோது வந்து பார்த்துவிட்டுத் திரும்பினேனே, அந்த மாதிரி வருவதைச் சொல்கிறாயாக்கும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். என் அசட்டுத்தனம். ஒரு வாரம் கழித்து, தெருக்கோடியில் பட்டுப்புடவைக் கடை வைத்திருக்கும் கோதண்டபாணி வாசலில் வந்து நிற்கிறார், கையில் அளவு டேப். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "தம்பி போன்ல எல்லாம் பேசிட்டாரும்மா. நீங்க ஆனியில கிளம்பறீங்கன்னாரு. கூடம் எவ்ளோ அகலம் இருக்குதுன்னு பாத்துக்கினு போலாம்னு வந்தேன்" என்றார். என் கண் முன்னாலேயே ஸ்பீக்கரை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு டேப்பைப் பிடித்தார், நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடது பக்கம் ஜமக்காளம் விரித்துப் புடவை காட்டுவார்களாம், சமையலறையில் பில் போடுவார்களாம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, வியாபாரி, கூப்பிட்டார்கள் என்று வந்தார். என் பெயரில் இருக்கும் வீட்டை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விலை பேசியது நீ. ஸ்ரீவர்தா, உன் மேல் எனக்கு இந்த ஜன்மத்தில் இவ்வளவு கோபம் வந்ததில்லை. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை என்று எழுதினால் நீ வருத்தப்படுவாய், படு.

ஐப்பசி மழையில் நான் கொல்லை முற்றத்தில் வழுக்கி விழுந்ததும், அடுத்த வீட்டு அலமு வரும்வரை எழுந்திருக்க முடியாமல் கிடந்ததும் உண்மைதான். அதைக் கேட்டதிலிருந்து நீ பயந்துபோயிருக்கிறாய், அதுவும் எனக்குத் தெரியும். பயமாக இருக்கிறது அம்மா, நீ தனியாக இருக்காதே என்று நீ சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், பேசி ஏதாவது ஒரு வழிக்கு வந்திருப்போம். நீயோ வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாமல் என் மிச்ச வாழ்க்கையை ஒரு சோப்புப் பெட்டிக்குள் போட்டுப் பார்சலில் அனுப்புகிறாய். இனி நான் எந்தக் கரண்டில் வாழ வேண்டும், யாருக்கும் கேட்காதபடி காதை எப்படி மூடிக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் நீயே தீர்மானித்துவிட்டாய். முற்றத்தில் இப்போது சொரசொரப்பான கல் போட்டுக் கைப்பிடியும் வைத்தாகிவிட்டது, அலமுவிடம் ஒரு சாவி இருக்கிறது. இதையெல்லாம் நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அப்புறம் நான் என்ன செய்தேன் தெரியுமா, நாதஸ்வர சிடி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு மெட்ராஸுக்குப் பஸ் ஏறிவிட்டேன். மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடையில் இரண்டு பெட்டிகளை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினான். முதல் பெட்டியில் எல்லாம் ஒரே வழவழப்பு, நாதஸ்வரம் புல்லாங்குழலுக்குத் தங்கை மாதிரி ஆகிவிட்டது. லேடீஸுக்கு சாஃப்ட்டாக இருந்தால்தான் பிடிக்கும் என்று கடைக்காரன் எனக்குச் சிபாரிசு வேறு செய்தான், அவனும் அன்றைக்கு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். இரண்டாவது பெட்டியில் தவிலின் வலது பக்கத்து விரல் தனியாக, இடது பக்கத்துக் கழி தனியாக விழுந்தது, வாசிக்கிறவர் சீவாளியை உதட்டில் ஈரப்படுத்திக்கொள்வதுகூடக் கேட்டது. எது சரி என்று எந்தப் பத்திரிகையைப் பார்த்தும் நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, பெருமாள் புறப்பாட்டின்போது இதே சத்தம் நம் வாசலோடு போகிறது, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்கிறேன். அந்த இரண்டாவது பெட்டியைத்தான் என் பென்ஷன் பணத்தில் வாங்கி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். இருநூற்று முப்பது வோல்ட்.

போன வாரம் புறப்பாடு. சாயங்காலம் வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, பெருமாள் வர இன்னும் நேரம் இருக்கிறதே என்று உள்ளே வந்து சிடியைப் போட்டேன். பெருமாள் புறப்படும்போது வாசிக்கிற மல்லாரி பாதி போயிருக்கும், வாசலில் தடதடவென்று சத்தம், போய்ப் பார்த்தால் அலமு தேங்காய்ப் பழத் தட்டும் ஏற்றிய கற்பூரமுமாக நடுத்தெருவில் நிற்கிறாள். எதிரே ஒரு ஆட்டோவும் மாடும்தான். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்துவிட்டு, "ரமாமணி, பெருமாள் எங்கேடி?" என்றாள். உள்ளே கையைக் காட்டினேன். புரிந்ததும் அவளுக்கு வந்த கோபத்தில் கற்பூரமே அணைந்துவிட்டது, பிறகு இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். நிஜமான மேளம் நம் தெருவுக்குள் திரும்பியபோது அலமு என்னைத்தான் முதலில் பார்த்தாள், நான் வெறுங்கையை விரித்துக் காட்டிய பிறகுதான் மறுபடி கற்பூரம் ஏற்றினாள். நீ அனுப்பிய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தால் பெருமாள் வாசலுக்கு வந்துவிட்டுப் போனதே எனக்குத் தெரிந்திருக்காது.

கோதண்டபாணியிடம் வீடு விற்பனைக்கு இல்லை என்று நானே சொல்லிவிட்டேன். நீயும் போன் செய்து உன் வாயால் சொல்ல வேண்டும், நீ ஆரம்பித்ததை நீதான் முடிக்க வேண்டும். உன் பெட்டியை நான் திருப்பி அனுப்பப் போவதில்லை, பீரோவில் வைத்திருக்கிறேன். வைகாசி கருட சேவைக்கு லீவு போட்டுவிட்டு வந்து உன் கையாலேயே எடுத்துக்கொண்டு போ. வந்து கூடத்தில் என் எதிரில் உட்கார்ந்து உனக்கு என்ன பயமோ அதைச் சொல், நான் கேட்கிறேன். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை.

ஸௌம்யாவுக்கு என் ஆசீர்வாதம், அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. குழந்தைக்குத் துளசிச் சாற்றில் தேன் குழைத்துக் கொடுக்கச் சொல். நீ ராத்திரி வெகுநேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதே, போனில் உன் குரல் கம்மிக் கிடந்தது, அந்தக் கோபத்திலும் அது என் காதில் விழத்தான் செய்தது. மூவரும் நீண்ட ஆயுளோடு குறைவில்லாமல் இருக்கப் பெருமாளைப் பிரார்த்திக்கும்,

உன் அம்மா,
ரமாமணி

ஒன்று மறந்துவிட்டேன். வரும்போது ஷேவிங் மெஷின், குழந்தைக்குப் பால் சுட வைக்கிற சாமான், எதை எடுத்து வைத்தாலும் இருநூற்று முப்பது வோல்ட்டில் ஓடுமா என்று திருப்பிப் பார்த்துவிட்டு எடுத்து வை. இந்த வீட்டில் அதுதான் வருகிறது, நான் இருக்கும்வரை அதுதான் வரும்.